நூற்றிருபது டிகிரி

சேவூர் மேட்டுத்தெரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பதினோரு வருடமாக எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறி வந்தது. சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. செயலாளர் தனசேகரன் மைக்கில் தீர்மானத்தைப் படிப்பார். உறுப்பினர்கள் வலது கையைத் தூக்குவார்கள். தலைவர் துரைக்கண்ணு மேடையிலிருந்து பார்த்துத் தலையாட்டுவார். பிறகு எல்லோருக்கும் போண்டா, டீ. இந்த வரிசையில் போண்டாவைத் தவிர வேறெதையும் யாரும் ஊன்றிக் கவனித்ததில்லை.

போன வருடப் பொதுக்குழுவில்தான் கோளாறு வந்தது. தலைவரின் அயராத உழைப்பைப் பாராட்டும் தீர்மானம். வந்திருந்தவர்கள் எண்பத்து நான்கு பேர், தூக்கிய கை முப்பத்தொன்று. தனசேகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். முப்பதாகிவிட்டது. அதற்குள் ஒருவர் வலி தாங்காமல் இறக்கிவிட்டிருந்தார்.

துரைக்கண்ணு அன்று போண்டா சாப்பிடவில்லை. தனக்கு எதிராக ஊரில் சதி நடக்கிறது, பின்னால் யாரோ இருக்கிறார்கள், ஒருவேளை ஆரணி டவுனிலிருந்தே இயக்குகிறார்கள் என்று முடிவுக்கு வந்தார். மறுநாளே கை தூக்காத ஐம்பத்து மூன்று பேருக்கும் நோட்டீஸ் போனது. 'தங்களுடைய வலது கை மேற்படி தேதியில் மேற்படி தீர்மானத்தின்போது உயராததற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும், தவறினால் தங்கள் கையின்மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அதில் இருந்தது.

அமலோற்பவத்துக்கும் ஒரு நோட்டீஸ் வந்தது. நாற்பத்தெட்டு வயது, கொஞ்சம் சுகர், வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவள், இன்னொன்றில் கணவர் அற்புதராஜ். அவளுக்கு ஆறு மாதமாக வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. தறியில் உட்கார்ந்தால் பெரிய தொந்தரவில்லை, நாடாவை ஓட்ட இழுக்கிற கயிறு கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் தொங்குகிறது. தலைக்கு மேலேயும் தலைக்குப் பின்னாலேயும் கை போக வேண்டிய வேலைதான் ஒன்றும் ஆகவில்லை. அதில் அவளுக்குப் பெரிய வேலை, தலை பின்னிக்கொள்வது.

ஆகவே அவளுக்கு அற்புதராஜ்தான் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பட்டு நெய்த கை, எதையும் தொளதொளவென்று விட்டு அதற்குப் பழக்கமில்லை. கூந்தலின் மூன்று கால்களையும் ஒரே இழுப்பில் சமமாகக் கொண்டுவந்து, உச்சியிலிருந்து நுனிவரை முறுக்கேற்றி, கடைசியில் அறுந்த இழையை முடிகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். பின்னல் அசையாது. அமலோற்பவத்தின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளைப் பார்த்த சாமியார், தம் பிரசங்கத்தைக் கேட்டு அந்தம்மா வாராவாரம் வியந்துபோகிறார் என்று நினைத்துப் பிரசங்கத்தைப் பத்து நிமிஷம் நீட்ட ஆரம்பித்தார். கோயிலுக்கு வருகிற மற்றவர்கள் இதற்காக அவளிடம் மனஸ்தாபப்பட்டார்கள்.

தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஜெபத்தில்கூட அதைத்தான் கேட்டாள்.

நோட்டீசுக்கு அவள் எழுதிய பதில் இது: 'ஐயா, என் கை தலைவரை மட்டும் எதிர்க்கவில்லை. சீப்பையும் எதிர்க்கிறது.'

மற்ற ஐம்பத்திரண்டு பதில்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தன. ஒருவருக்குச் சட்டை போட முடியவில்லை, இன்னொருவருக்குப் பரணில் இருக்கும் டப்பா எட்டவில்லை. சதிகாரர்கள் பேசிவைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று தனசேகரன் சந்தேகப்பட்டார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் கை தூக்கச் சொல்லிப் பார்த்தது. அமலோற்பவம் வீட்டில் 'ஜன்னலின் இரண்டாவது கம்பி வரை, முனகலுடன்' என்று குறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆரணி எலும்பு டாக்டர் ஒருவர்தான் இதற்குப் பெயர் ஃப்ரோசன் ஷோல்டர், தோள்மூட்டு இறுகிப்போவது, சுகர்காரர்களுக்கு அதிகமாக வரும் என்று எழுதிக் கொடுத்தார்.

அதைப் படித்ததும் துரைக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எதிர்ப்பு இல்லப்பா, வியாதி" என்றார் தனசேகரனிடம். "வியாதின்னா குணப்படுத்திடலாம். எதிர்ப்புதான் பேஜாரு."

இப்படித்தான் சங்கத்தின் பழைய நூல் கிடங்கில் 'தோள் உயர்வு மையம்' பிறந்தது. வாசலில் வாழைமரம் கட்டினார்கள். திறப்பு விழாவில் தலைவர் மேடைத் தமிழில் பேசினார். "உழைக்கும் கரம் உயர வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. ஆனால் உயர்ந்தால் மட்டும் போதுமா, தாய்மார்களே? மேடையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். தெரியாத கையும் இல்லாத கையும் எனக்கு ஒன்றுதான்." கை தட்டச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று பேர் மடிமேல் கையை வைத்தபடியே தட்டினார்கள்.

போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற காவ்யாவைப் பிசியோதெரபிஸ்டாகப் போட்டார்கள். இருபத்தாறு வயது, வேலை தெரிந்த பெண். உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு கட்டினாள். வெந்நீர் ஒத்தடத்துக்கு ஏற்பாடு செய்தாள். கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று அளக்க இரண்டு கால் விரிகிற ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்திருந்தாள். நல்ல தோள் நூற்றெண்பது டிகிரி போகும், அதோடு கை தலைக்குப் பின்னால் திரும்ப வேண்டும், முதுகுக்குப் பின்னாலும் ஏற வேண்டும், அப்போதுதான் குணம் என்று விளக்கினாள்.

தனசேகரன் குறுக்கிட்டார். நிர்வாகக் குழு இதை ஏற்கெனவே ஆராய்ந்து முடிவெடுத்துவிட்டதாம், நூற்றிருபது டிகிரி போதுமாம். எதை வைத்து அந்தக் கணக்கு என்று காவ்யா கேட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்று வரிசையாகப் போட்டு ஆட்களை உட்காரவைத்துத் தாமே மேடையில் ஏறிநின்று பார்த்ததாக அவர் சொன்னார். நூற்றுப் பத்தில் முன்வரிசைக் கொண்டை மறைக்கிறது. நூற்றிருபதில் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன. அதற்கு மேலே போவது ஆடம்பரம். நூற்றிருபதுக்குக் குறைந்த கை எந்தத் தீர்மானத்திலும் செல்லாது என்று விதியிலேயே சேர்த்து, தலைவர் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

"பின்னாடி திரும்பறதுங்க சார்?" என்றாள் காவ்யா.

"பின்னாடி திரும்பி யாருக்கு ஓட்டுப் போடப் போறாங்க?"

சிகிச்சை தொடங்கியது. காவ்யா முதலில் சூடு வைப்பாள். பிறகு அமலோற்பவத்தைப் படுக்கவைத்து, ஒரு கையால் தோளை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கையை நிதானமாக வெளிப்பக்கம் இழுப்பாள். அதற்கு ட்ராக்ஷன் என்று பெயர். வலி என்றால் அப்படி ஒரு வலி. இரண்டு பிள்ளை பெற்றவள், அதற்கெல்லாம் சேர்த்துக்கூட இவ்வளவு முனகியிருக்க மாட்டாள். "மூச்ச விடுங்கக்கா, மூச்ச புடிக்காதீங்க" என்பாள் காவ்யா. கை போகிற எல்லைக்குப் போனதும் அங்கேயே முப்பது எண்ணும்வரை நிறுத்த வேண்டும், சட்டென்று இறக்கக் கூடாது. இது மட்டும் கண்டிப்பு.

இரண்டாம் வாரத்திலிருந்து தனசேகரனும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கை சும்மா உயர்ந்து என்ன பயன், எதற்காக உயர்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டாமா என்பது அவர் கட்சி. ஏற்கெனவே கை தூக்குகிற முப்பத்தொரு பேரையும், பழகிக்கொள்ளட்டும் என்று வரச் சொல்லிவிட்டார். உறுப்பினர் கப்பிக் கயிற்றைப் பிடித்ததும் அவர் கனைத்துக்கொண்டு ஒரு தீர்மானத்தைப் படிப்பார். 'சங்க அலுவலகத்துக்குப் புதிய சுவர்க்கடிகாரம் வாங்குவது.' கை ஏறும். முப்பது எண்ணும்வரை நிற்கும். அவர் பதிவேட்டில் 'ஆதரவு' என்று எழுதுவார். அந்த மையத்தில் சுவர்க்கடிகாரம் வாங்க அறுபத்து மூன்று தடவை ஒப்புதல் கிடைத்தது. சுவரில் இன்றுவரை ஆணிகூட அடிக்கவில்லை.

எதையும் இப்படி ஒருநாள் விடாமல் செய்தால் உடம்பு கற்றுக்கொண்டுவிடும். மூன்றாவது மாதம் அமலோற்பவம் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருவில் பழைய பேப்பர்காரர் மைக் வைத்துக்கொண்டு கனைத்தார். அவள் வலது கை கீரைத் தண்டோடு மேலே போய்விட்டது. மனசுக்குள் முப்பது எண்ணி முடித்த பிறகுதான் இறக்கினாள். அற்புதராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாரம் மையத்துக்குத் துணைக்குப் போனவர்தான், அவருக்கும் முழங்கை லேசாக எழும்பியிருந்தது.

நான்காவது மாதம் அவள் நூற்றிருபதைத் தொட்டாள். தனசேகரன் எழுந்து நின்று ஒரு சான்றிதழைக் கொடுத்தார். 'மேற்படி உறுப்பினரின் கை தீர்மானத்துக்குத் தகுதியான உயரத்தை அடைந்துவிட்டது. சிகிச்சை நிறைவுற்றது.'

அமலோற்பவம் சான்றிதழை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். கை மேலே போகிறது, ஆனால் தலைக்குப் பின்னால் திரும்பவில்லை, இன்னும் வீட்டுக்காரர்தான் பின்னிவிடுகிறார், இன்னும் இரண்டு மாதம் வரவிட்டால் சரியாகிவிடும் என்று காவ்யா சொல்கிறாள் என்று கெஞ்சினாள். தனசேகரன் பொறுமையாகக் கேட்டார். அவளுடைய பின்னல் சங்கத்தின் குறிக்கோள்களில் ஒன்றாக எங்கும் குறிப்பிடப்படவில்லை என்றார். அவள் தலைவரையே போய்ப் பார்த்தாள்.

"இன்னாமா அமலோற்பவம், மேல ஏறுதில்ல?" என்றார் துரைக்கண்ணு. "அப்புறம் இன்னா? கை மேல ஏறிச்சுன்னா அது சங்கத்துக்கு. பின்னாடி போச்சுன்னா அது உன் சொந்த வேலை. சொந்த வேலைக்கு சங்கம் எப்பிடிம்மா செய்யும்?"

பாதியில் நிறுத்தினால் தோள் பழையபடி இறுகிவிடும் என்று காவ்யா பயந்தாள். ஆகவே சங்கத்துக்குத் தெரியாமல், மத்தியானம் தனசேகரன் சாப்பிடப் போகிற அரைமணி நேரத்தில், அவளையும் இன்னும் சிலரையும் வரவழைத்துக் கையைப் பின்பக்கம் திருப்புகிற பயிற்சி கொடுத்தாள். அமலோற்பவத்தின் விரல்கள் மெல்ல மெல்லக் காது மடல் வரை வந்தன. பிடரிக்கு நான்கு விரற்கடைதான் பாக்கி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதற்காகத் தினமும் சோற்றை அவசர அவசரமாக வடித்துவிட்டு ஓடிவந்தாள்.

அப்போதுதான் இந்த வருடப் பொதுக்குழு வந்தது. பட்டுத்துணிப் பந்தல், மூன்று வரிசை நாற்காலி, எண்பத்து நான்கு பேர். இந்தத் தடவை மேற்பார்வைக்கென்று செய்யாரிலிருந்து சூர்யகலா என்ற அதிகாரி வந்திருந்தார். புதிதாகப் பதவிக்கு வந்தவர், விதிப் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அது தலைவருக்குப் பிடிக்கவில்லை. முதல் ஆறு தீர்மானத்துக்கும் எண்பத்து நான்கு கைகளும் ஒரேயடியாக எழுந்தன. துரைக்கண்ணு கண்கலங்கினார், அப்படி ஒரு காட்சியை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

தனசேகரன் கனைத்துக்கொண்டு ஏழாவதைப் படித்தார். "உறுப்பினர்கள் அனைவரின் கைகளும் உரிய உயரத்தை எட்டிவிட்டபடியால், தோள் உயர்வு மையத்தை நாளை முதல் மூடுவது, அந்த அறையைத் தலைவரின் ஓய்வறையாக மாற்றுவது, செல்வி காவ்யாவை நன்றியுடன் பணியிலிருந்து விடுவிப்பது."

எண்பத்து நான்கு கைகள் எழுந்தன.

அமலோற்பவத்தின் கையும் அதில் ஒன்று. என்ன படித்தார் என்று அவள் மண்டைக்கு எட்டுவதற்குள் கை போய்விட்டது. பந்தல் ஓரத்தில் நின்றிருந்த காவ்யாவின் முகம் வெளுத்துவிட்டது. அமலோற்பவத்துக்குத் தன் கைமேலேயே அடக்க முடியாத கோபம் வந்தது. நாலு மாதம் கதறக் கதற இழுத்து வளர்த்த கை, கடைசியில் தன்னையே விற்றுவிட்டதே என்று அழுகை முட்டியது.

தனசேகரன் வேகமாக எண்ணி, ஆதரவு எண்பத்து நான்கு, தீர்மானம் நிறைவேறியது என்று சொல்ல வாயெடுத்தார். சூர்யகலா கையமர்த்தி, எதிர்ப்பவர்களைக் கேட்கவில்லையே என்றார். அப்படிக் கேட்கும் வழக்கம் இங்கே கிடையாது என்றார் தனசேகரன். வழக்கமில்லாவிட்டாலும் விதியில் இருக்கிறது என்று சூர்யகலா பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். தனசேகரன் சலித்துக்கொண்டே மைக்கைப் பிடித்து, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். தூக்கிய கையை இறக்கவில்லை. திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் எறக்காதீங்க" என்றாள். "முப்பது இன்னும் ஆவல."

அது வாஸ்தவம். எல்லோரும் உதடு அசைய எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள், பதினெட்டு பத்தொன்பதில் இருந்தார்கள். ஒரு கையும் இறங்கவில்லை. மத்தியானப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அவள் எண்ணத்தைப் புரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்கள். மற்றவர்கள் முப்பதுக்காகவே வைத்திருந்தார்கள்.

சூர்யகலா எண்ணினார். எதிர்ப்பு எண்பத்து நான்கு. கேட்கும்போது உயர்ந்திருக்கிற கையை எண்ண வேண்டும் என்றுதான் விதி, இடையில் இறக்கித் தூக்க வேண்டும் என்று எங்கும் இல்லை என்று அவர் நிதானமாக எழுதிக்கொண்டார். அனைவரும் ஆதரித்தார்கள், அனைவரும் எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் தலைவரின் வாக்கே முடிவானது. தலைவர் கை தூக்கினால் மையம் மூடப்படும்.

துரைக்கண்ணு சிரித்தார், இவ்வளவுதானா என்ற சிரிப்பு. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சபையைப் பார்த்தபடி வலது கையைத் தூக்கினார்.

கை வயிற்றுக்கு வந்தது. மார்புக்கு வந்தது. சட்டைப் பையருகே நின்றுவிட்டது. சிரிப்பும் அங்கேயே நின்றுவிட்டது. பதினோரு வருடமாக மற்றவர்கள் கை தூக்கி அவர் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, அவர் ஒரு தடவைகூடத் தூக்க நேர்ந்ததில்லை. தனசேகரன் மெதுவாக நகர்ந்து வந்து, மரியாதை குறையாமல், தலைவரின் முழங்கையை அடியிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். தலைவர் போட்ட அலறல் மைக் வழியாகப் பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

காவ்யா மேடையேறினாள். ஸ்கேலை விரித்து அவர் தோளில் வைத்துப் பார்த்தாள்.

"அறுபத்தஞ்சுங்க சார்" என்றாள்.

"நூத்தி இருபதுக்குக் கொறஞ்ச கை செல்லாதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் சூர்யகலா. தீர்மானம் தள்ளுபடியானது என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் காலை மையம் திறக்கும் முன்பே துரைக்கண்ணு வாசலில் நின்றுகொண்டிருந்தார். காவ்யா இழுக்க இழுக்க, தனசேகரன் பழக்கதோஷத்தில் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். தலைவர் அவரை வெளியே போகச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் அமலோற்பவம் படுத்திருந்தாள். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"ஆறு மாசமா சட்டை போட முடியலம்மா" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "எங்கூட்டுல அவதான் போட்டு வுடறா. வெளிய சொன்னா தலைவருக்கே கை வரலன்னு பேசுவாங்கன்னுட்டு வாய மூடிகினு இருந்தேன்."

அமலோற்பவத்துக்குக் கேட்க வேண்டியதெல்லாம் மறந்துபோயிற்று. மூச்சைப் பிடிக்காமல் விடச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியிலேயே நிர்வாகக் குழு கூடி விதியைத் திருத்தியது. சிகிச்சை இனி நூற்றெண்பது டிகிரி வரை. கை தலைக்குப் பின்னால் திரும்புவதும் முதுகுக்குப் பின்னால் ஏறுவதும் சங்கத்தின் அடிப்படைக் குறிக்கோள்கள். இந்தத் தொலைநோக்குத் திட்டத்தைத் தாமே சிந்தித்துக் கொண்டுவந்த தலைவருக்குச் சங்கம் பாராட்டுத் தெரிவித்தது. யாருக்கும் ஆட்சேபமில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமலோற்பவம் கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பிரித்துவிட்டுக்கொண்டாள். கை இரண்டும் பிடரிக்குப் போயின. வலி இருந்தது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். பூசைக்கு மணி அடித்துவிட்டது. பின்னி முடித்து நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அற்புதராஜ் சுற்றிவந்து பின்னாலிருந்து பார்த்தார்.

"கோணலா கீது அமலு. ஒரு கால் தொங்குது. உக்காரு, ரெண்டு நிமிஷத்துல அவுத்து சரியா போட்டுடறேன்."

"தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள் அமலோற்பவம். கோணல் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, தெருவெல்லாம் பார்க்கும்படி நடுவில் நடந்து கோயிலுக்குப் போனாள்.